அமெரிக்காவுக்காக அழுதவர்

எங்கள் துறைத் தலைவர் வருடத்துக்கு ஒரு முறை வகுப்பில் அழுவார். எந்த வாரத்தில் அழுவார் என்பது மாணவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்து, நாட்டைத் திரும்பக் கட்டுகிற பாடம் வரும்போது வேறு துறைப் பிள்ளைகள்கூட வந்து கடைசி பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள். இயற்பியல் துறைப் பையன் ஒருவன், "இன்னைக்கா மேடம், நாளைக்கா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறான், சினிமா ரிலீஸை விசாரிப்பதுபோல.

மதுரைக்குள் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். நான் அங்கே வரலாற்றுத் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். அவர் பாடம் எடுப்பதை முதல் வருடம் வராந்தாவில் நின்று கேட்டேன். அந்த வருடம் எனக்கும் கண் கலங்கியது. பொய் சொல்ல மாட்டேன்.

"போர் முடிஞ்சதோட நாடு முடிஞ்சிரலய்யா. அதுக்கப்புறந்தான் வேலையே" என்று ஆரம்பிப்பார். கடலோர நிலத்தைத் துண்டு துண்டாக அளந்து விடுதலையானவர்களுக்குக் கொடுத்ததைச் சொல்வார். அவர்கள் உழுததை, விதைத்ததைச் சொல்வார். குரல் மெல்ல இறங்கும். "பயிரு பச்சை புடிச்சிருச்சு. அப்ப ஒரு ராணுவ அதிகாரி வாராரு. எல்லாரையும் சர்ச்சுக்குள்ள கூட்டி வச்சுச் சொல்றாரு. நிலம் பழைய மொதலாளிக்கேதானாம். தலைமுறை தலைமுறையா எவன் உழுதானோ அவனுக்கு இல்லையாம். காகிதத்துல எவன் பேரு இருக்கோ அவனுக்காம்!"

இந்த 'அவனுக்காம்' வந்ததும் கண்ணாடியைக் கழற்றுவார். கைக்குட்டை ஏற்கனவே மேஜைமேல் தயாராக இருக்கும். வகுப்பு மூச்சு விடாது. அழுது முடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருகைப் பதிவு எடுப்பார். முப்பத்தேழாவது நம்பர் வரவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும், அழுத கண்ணுக்கு அவ்வளவு கூர்மை.

மாணவர்கள் அவருக்கு 'விடுதலை' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். தெரியாததுபோல் நடந்துகொள்வதில் ஒரு பெருமை இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுத எனக்கு இரண்டு வரி போதும். விடுதியில் ஒரு பையனோடு அறையைப் பகிர்ந்துகொள்ள மாட்டோம் என்று மூன்று பேர் சொன்னபோது, இவர்தான் போய்க் கூச்சல் போட்டார். அந்த மூன்று பேரும் மன்னிப்புக் கேட்கும்வரை முதல்வர் அறையை விட்டு நகரவில்லை. அன்று மாலை முழுக்க அவருடைய வெள்ளைச் சட்டை கசங்கியே இருந்தது. கசங்கிய சட்டையோடு அவரை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

ஆனால் அவருடைய நியாயத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. அது எனக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. அமெரிக்கா என்றால் விடுதலை உடனே வேண்டும். இந்தியா என்றால் யோசித்துச் செய்ய வேண்டும். அவருடைய சொந்த ஊர்ப்பக்கமான கொட்டாம்பட்டி என்றால் படிப்படியாகத்தான்.

'படிப்படியா' என்பது அவருக்குப் பிடித்த வார்த்தை. கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் பெண்கள் தங்களை நிரந்தரமாக்கச் சொல்லி வாசலில் உட்கார்ந்தபோது ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "நியாயமான கோரிக்கை. இன்னைக்கே செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். படிப்படியா" என்றார். முதல் படி எது என்று தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர் கேட்டார். "அதையும் படிப்படியாத்தான் முடிவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவருடைய மகன் அமெரிக்காவில் இருந்தான். ஒரு கோடை விடுமுறையில் அங்கே போய்வந்தவர், பழைய பருத்திப் பண்ணை ஒன்றிலிருந்து ஒரு பிடி மண்ணைக் காலுறைக்குள் சுருட்டி விமானத்தில் கொண்டுவந்துவிட்டார். அதை ஊறுகாய் பாட்டிலில் போட்டுத் துறையில் தன் மேஜைமேல் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். "அடிமைகள் நின்ன மண்ணும்மா இது. தொட்டுப் பாருங்க." நானும் தொட்டுப் பார்த்தேன். மேலூர் மண் மாதிரிதான் இருந்தது.

ஒரு நாள் அறையைச் சுத்தம் செய்த பெண், பாட்டிலுக்குள் யாரோ குப்பை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அதைக் குரோட்டன்ஸ் தொட்டியில் கொட்டிவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அவர் துடித்துப்போனார். அடிமைகள் நின்ற மண்ணைக் கொட்டியதற்காக அவளை மதியம்வரை வராந்தாவில் நிற்கவைத்தார்.

நான் போய், "சார், விட்ருங்க, பாவம்" என்றேன்.

"உங்களுக்குப் புரியாதும்மா. அந்த மண்ணுல எம்புட்டுக் கண்ணீர் இருக்குன்னு அவளுக்குத் தெரியணும்" என்றார்.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கால் வலிதான். குரோட்டன்ஸ் செடி மட்டும் அந்த வருடம் நன்றாகத் துளிர்த்தது.

ஒரு தை மாதம் எங்கள் துறை ஆசிரியர்களையும் அந்தத் தமிழ்த்துறை ஆசிரியரையும் தன் ஊருக்குச் சாப்பிட அழைத்தார். திருச்சி சாலையில் கொட்டாம்பட்டிக்குப் போய், அங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். தென்னந்தோப்பும் வயலுமாக நல்ல நிலம். தோப்பின் ஓரத்தில் ஓடு சரிந்த ஒரு சின்ன வீடு. அதில் சின்னான் என்கிற வயதானவரும் அவருடைய மருமகள் செல்வியும் இருந்தார்கள். செல்வியின் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான், மாதத்துக்கு ஒரு முறை வருவான். சின்னானின் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு அந்தத் தோப்பில்தான் வேலை. தண்ணீர் பாய்ச்சுவது, மாடு பார்ப்பது, தேங்காய் போடுவது எல்லாம் அவர்கள்தான்.

"இவங்க எங்க குடும்பம் மாதிரி" என்று அவர் எங்களுக்கு அறிமுகம் செய்தார். பக்கத்தில் நின்ற சின்னான் சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன இடத்தில் செல்வியிடம் பேச்சுக் கொடுத்தேன். முப்பது வயதிருக்கும். பேசும்போது நேராகக் கண்ணைப் பார்ப்பாள். மோட்டார் ரூமில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, பட்டப்பகலில். அவள் வீட்டுக்குக் கரண்டு இல்லை.

"ஏன் வாங்கலை?" என்றேன்.

"இடம் ஐயாவோடது. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் லைன் குடுப்பாங்களாம். கேட்டு எட்டு வருசமாச்சு. பாப்போம்ங்குறாரு." எனக்குக் குழாயைத் திறந்துவிட்டவள், "டீச்சர், ஐயா காலேஜுல என்ன பாடம் நடத்துறாரு?" என்றாள்.

"அடிமையா இருந்தவங்களை விடுதலை பண்ணின கதை."

"எந்த ஊரு அடிமை?"

"அமெரிக்கா."

"ஓ" என்றாள். குழாயை மூடினாள். "தூரந்தான்."

திரும்பி வரும்போது காரில் நான் மெதுவாக அந்தக் கரண்டு விஷயத்தைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பாடம் நடத்தும் குரலில் சொன்னார். "லைன் குடுத்தா வீட்டு வரி கட்டுவான். வரி கட்டுனா பட்டா கேப்பான். நாளைக்குத் தோப்புல பாதி அவனுதும்பான். எனக்கு மனசு இல்லைன்னு நினைக்காதீங்கம்மா. படிப்படியாச் செய்வோம்."

தமிழ்த்துறை ஆசிரியர் முன் சீட்டில் இருந்தார். "சார், அப்ப நம்ம ஊருல அடிமை முறை இருக்குங்குறீங்களா?" என்று வம்புக்குக் கேட்டார்.

"சட்டம் போட்டு என்னைக்கோ ஒழிச்சாச்சே! இது அடிமை முறை இல்லைய்யா. உறவு முறை" என்றார் அவர். சொன்ன வாக்கியம் அவருக்கே பிடித்துவிட்டது. மேலூர் வரும்வரை அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அந்த உறவு முறிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வியும் சின்னானும் பானை சட்டி, இரண்டு ஆடு, ஒரு டிரங்குப் பெட்டியோடு ஒரு குட்டியானை வண்டி பிடித்துக் கொட்டாம்பட்டியில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் ஏழு மணிக்கு மெயின் ரோட்டில் ஆயத்த ஆடை கம்பெனி வேன் வரும். செல்விக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. தோப்பில் இருந்துகொண்டு மாட்டையும் மோட்டாரையும் பார்த்துவிட்டு ஏழு மணி வேனைப் பிடிக்க முடியாது. காரணம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அவர் துறைக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. யாரோ இறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன்.

"சொல்லாமப் போயிட்டாங்கம்மா. மூணு தலைமுறை. ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா சார்?"

"விட்டிருப்பேன். கண்டிப்பா விட்டிருப்பேன். ஆனா..." அவருக்குப் பிடித்த அந்த வார்த்தை வாய்வரை வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார்.

அந்த வாரம்தான் வகுப்பில் அடுத்த பாடம். விடுதலையானவர்கள் வேலையை விட்டு எங்கும் போய்விடக் கூடாது என்று தெற்கு மாநிலங்கள் போட்ட சட்டங்களைப் பற்றி நடத்தினார். வேலை இல்லாமல் திரிகிறவன் என்று ஒருவனைப் பிடிப்பது, கோர்ட்டில் நிறுத்துவது, பழைய முதலாளியிடமே திரும்ப அனுப்புவது. பிரமாதமாக நடத்தினார். மேஜையை மூன்று தடவை குத்தினார். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார். "நாளைக்கு என்கூட ஒரு எடத்துக்கு வரணும். தோப்புல மோட்டாரைக் காணோம். அவங்க போன அன்னைக்கே காணோம். ஸ்டேஷன்ல சொல்லியிருக்கேன். அந்தப் பொண்ணு உங்ககிட்ட நல்லாப் பேசுச்சுல்ல? நீங்க எடுத்துச் சொன்னா கேக்கும்."

"என்னன்னு எடுத்துச் சொல்ல?"

"திரும்பி வந்துட்டா கேஸ் வேண்டாம்னு."

வர முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அங்கே செல்வி தனியாக நிற்பாளே என்று தோன்றியதும், "வாரேன் சார்" என்றேன்.

காவல் நிலையத்தில் செல்வியும் சின்னானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னான் எங்களைக் கண்டதும், "ஐயா, நாங்க எடுக்கலைய்யா, சத்தியமா எடுக்கலை" என்று கும்பிட்டபடி வந்தார். செல்வி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, சும்மா இருங்க. கேக்கும்போது சொல்லுவோம்."

சப் இன்ஸ்பெக்டர் ஒரு இளம்பெண். எங்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். "சார், என்னை ஞாபகம் இருக்கா? நான் உங்க ஸ்டூடண்ட்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மோட்டார், மூன்று தலைமுறை எல்லாம் மறந்துபோய், எந்த வருடம், எந்த பேட்ச், இப்போது எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். டீ வந்தது. நான்கு டீ. அவளே இரண்டை எடுத்துப்போய் சின்னானுக்கும் செல்விக்கும் கொடுத்துவிட்டு வந்தாள்.

"உங்க கிளாஸை மறக்கவே முடியாது சார்" என்றாள். "அமெரிக்காவுல ஒரு சட்டம் போட்டாங்கன்னு சொல்லுவீங்க. வேலையை விட்டுப் போனவங்களை ஏதாச்சும் ஒரு கேஸ்ல புடிச்சு, பழைய மொதலாளிகிட்டயே கொண்டாந்து விடுறது. எல்லா மாநிலத்துலயும் அப்படிச் செஞ்சாங்கன்னு..."

"எல்லா மாநிலமும் இல்லம்மா" என்று அவர் விரலை உயர்த்தித் திருத்தினார். "தெற்கு மாநிலங்கள்ல. பரீட்சையில இதைத்தான் எல்லாரும் தப்பா எழுதுவாங்க."

அவள் அவரையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கிண்டல் செய்கிறவர்களுக்கு வரக்கூடிய பெரிய தோல்வி அதுதான். எதிராளி உண்மையிலேயே பாடம் நடத்திவிடுவது.

பிறகு அவள் செல்வியிடம் திரும்பி மோட்டாரைப் பற்றிக் கேட்டாள்.

"அது போன மாசமே புகைஞ்சுபோச்சும்மா" என்றாள் செல்வி. "ஐயாவுக்குப் போன் போட்டேன். மேலூர்ல காயில் கட்டுற கடைக்கு அனுப்புன்னாரு. டிராக்டர்ல ஏத்தி அனுப்பிச்சேன். அங்கனதான் கெடக்கும்."

கடை பெயரைக் கேட்டு, நம்பரைத் தேடி, சப் இன்ஸ்பெக்டர் அப்போதே போன் போட்டாள். ஸ்பீக்கரில் ஒரு ஆள் கத்தினார். "ஆமாக்கா, இங்கிட்டுத்தான் கெடக்கு! வேலை முடிச்சு ரெண்டு வாரமாச்சு, எடுத்துட்டுப் போக ஒருத்தரும் வரலை!"

சப் இன்ஸ்பெக்டர் போனை மேஜைமேல் வைத்தாள்.

"அப்படியா?" என்றார் அவர். "சொல்லியிருப்பேன். மறந்திருக்கேன். வயசாகுதுல்ல."

முப்பத்தேழாவது நம்பர் வராததைக் கண்டுபிடிக்கிறவர் மோட்டாரை மறந்தாரா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தனக்கு வசதியில்லாததை மறந்துபோவதில் அவர் யாரையும் ஏமாற்றியதில்லை, தன்னைத் தவிர.

ஆனாலும் எழுந்திருக்க மனமில்லை. "மோட்டார் கெடக்கட்டும்மா. சொல்லாமப் போனது தப்புதானே? மூணு தலைமுறையா அங்கதானே இருந்தாங்க?" என்றார்.

சப் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவைத்தாள். மரியாதை குறையாமல்தான் பேசினாள். "சார், இதை நான் எழுத ஆரம்பிச்சா, மூணு தலைமுறையா என்ன வேலை, என்ன கூலி, ஏன் வெளிய போகலைன்னு எல்லாத்தையும் எழுத வேண்டி வரும். கலெக்டர் ஆபீஸ்லருந்து விசாரிக்க வருவாங்க. எழுதட்டுமா?"

அவர் எழுந்துவிட்டார். செல்வியின் பக்கம் திரும்பி, வகுப்பில் மன்னிப்புக் கேட்ட மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, "சரி, போங்க. மன்னிச்சுட்டேன்" என்றார்.

செல்வி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் தோளைத் தொட்டேன். "நான் சண்டைக்குப் போகலை டீச்சர்" என்றாள் என்னிடம் மெதுவாக. "இன்னைக்கு வேன் போயிருச்சு. ஒரு நாள் லீவாப் போச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து நடத்தினார், தொடர்ந்து அழுதார். நான் வராந்தாவில் நிற்பதை மட்டும் நிறுத்திக்கொண்டேன். ஓய்வு பெற்றதும் ஊருக்கே போய்விட்டார். தோப்பில் வேலைக்கு ஆள் தங்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் தினக்கூலிக்கு வந்து மாலை ஐந்துக்குக் கிளம்பிப் போனார்கள். "அஞ்சு மணிக்கு மேல ஒருத்தனையும் காணோம்மா, நாடு எங்க போகுது?" என்று போனில் வருத்தப்படுவார். வீட்டுக்குப் போகிறது சார் என்று சொல்ல நினைத்து, சொல்ல மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து செல்வியிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கொட்டாம்பட்டிக்கு வெளியே அவர்கள் பெயருக்கு வீட்டுமனை கிடைத்து, புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து வீடு கட்டிவிட்டார்கள். பால் காய்ச்சுகிறார்கள். நான் போனபோது அவரும் அங்கே இருந்தார். சின்னான் நேரில் போய் அழைத்துவிட்டு வந்திருக்கிறார். செல்விக்கு அதில் அவ்வளவு சம்மதம் இல்லை என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

சாமியானாப் பந்தலுக்குக் கீழே ஆயத்த ஆடை கம்பெனிப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களுக்கு நடுவே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "நான்தான் இவங்களை வெளிய அனுப்பிச்சேன். எம்புட்டு நாளைக்கு எங்க தோப்புலயே கெடப்பீங்க, சொந்தக் கால்ல நில்லுங்கடான்னு சொன்னேன். இன்னைக்குப் பாருங்க, வீடே கட்டிட்டாங்க."

பெண்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒருத்தி, "நல்ல மனசுய்யா உங்களுக்கு" என்றுகூடச் சொன்னாள். செல்வி சாம்பார் வாளியோடு அந்தப் பக்கம் வந்தவள் எல்லாவற்றையும் கேட்டாள். என்னைப் பார்த்தாள். வெடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"பேசிக்கிட்டே நிக்கிறீங்களே ஐயா, பந்தி போட்டாச்சு. வாங்க, சாப்பிடுங்க" என்றாள்.

அந்தக் குடும்பத்தின் சமையலை அவர் அதுவரை சாப்பிட்டதில்லை. மூன்று தலைமுறையில் அவர் வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை. கூட்டத்துக்கு முன்னால் மறுக்கவும் முடியவில்லை, இப்போதுதானே அத்தனை பேச்சுப் பேசியிருந்தார். செல்வி காட்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்து இலைக்குச் சின்னானைக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். சின்னான் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். "நான் அப்பறமாச் சாப்பிடுறேன்த்தா. ஐயா சாப்பிடட்டும்."

"உக்காருங்க மாமா."

"இல்லத்தா..."

"உங்க வீடு மாமா இது. உக்காருங்க."

சின்னான் உட்கார்ந்தார். ஆனால் சோற்றில் கை வைக்கவில்லை. இலையைப் பார்த்தபடி விரல்களை மடியில் கோத்துக்கொண்டார். எனக்கு எதிர்வரிசையில் இடம். எனக்கும் இறங்கவில்லை. அவர் மட்டும் தலையைக் குனிந்து, யாரையும் பார்க்காமல், மளமளவென்று சாப்பிட்டார். சாம்பார், ரசம், மோர் எல்லாம் வாங்கிக்கொண்டார். பாயசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். நன்றாக இருந்ததுதான்.

முடித்ததும் எழுந்து, கை கழுவிவிட்டு வந்து, துடைக்கத் துண்டு எதிர்பார்த்து ஈரக்கையோடு பந்தலின் நடுவில் நின்றார். பழக்கப்படி சின்னானைத்தான் பார்த்தார்.

எழுந்திருக்கப் போவதுபோல் சின்னானின் முட்டி லேசாக அசைந்தது. பிறகு என்ன தோன்றியதோ, இலையை முன்னால் இழுத்துக்கொண்டார். சோற்றை நடுவில் குழி செய்தார்.

"சாம்பார் யாருப்பா? இங்கிட்டு வாங்க" என்றார் சத்தமாக.